வர வேண்டாம் என்று சொல்கிறவள்

அலுவலகத்தில் அவளுக்கு மயக்க ஊசி என்று பெயர். வைத்தவர் பூ அலங்காரக்காரர். எந்நேரமும் பல்லிடுக்கில் ஒரு துண்டு நூலைக் கடித்தபடியே பேசுகிற மனிதர். "இந்தப் பொண்ணு போன்ல பேசிக்கிட்டே கையை வெட்டி எடுத்தாலும் தெரியாதுப்பா" என்று ஒருநாள் சொல்லப்போய், பெயர் ஒட்டிக்கொண்டது. நாளாவட்டத்தில் மயக்கம் உதிர்ந்து வெறும் ஊசி மட்டும் நின்றது. முதலாளியம்மா, வாடிக்கையாளர் எதிரே இருக்கும்வரை அவளை முழுப் பெயர் சொல்லி அழைப்பார். அவர்கள் லிஃப்டில் இறங்கியதும், "ஊசி, இங்க வா."

அந்த நிறுவனம் கடற்கரைக் கல்யாணங்களை நடத்திக் கொடுப்பது. விமானம் ஏறி, இறங்கி, படகு பிடித்து, தென்னை மரம் சாய்ந்து நிற்கிற ஏதோ ஒரு வெளிநாட்டுத் தீவில் நீலத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படுகிறவர்களுக்கு விடுதி பிடிப்பதிலிருந்து, மழை வந்தால் மேடையை எந்தக் கூரைக்குக் கீழே மாற்றுவது என்பதுவரை இவர்கள் பார்த்துக்கொள்வார்கள். எல்லோரும் கடலுக்காகத்தான் அங்கே போகிறார்கள் என்று நினைப்பவர்கள் அந்த அலுவலகத்தில் கொஞ்ச நாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பாதிப் பேர் போவது தூரத்துக்காக. உள்ளூரில் மண்டபம் பிடித்தால் பெரியப்பாவின் மச்சான், மச்சானின் சகலை என்று எல்லோருக்கும் பத்திரிகை வைத்தாக வேண்டும். ஒரு ஆளை விட்டாலும் சாகும்வரை சொல்லிக்காட்டுவார்கள். கடலைத் தாண்டி வைத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. "தீவுல ரூமே அவ்வளவுதாங்க, நாங்க என்ன பண்ண முடியும்?" என்று பழியைத் தூக்கி விடுதியின் தலையில் போட்டுவிடலாம்.

ஆனாலும் விடுபட்டவர்களுக்கு யாராவது வாயைத் திறந்து சொல்லியாக வேண்டுமே. அதுதான் ஊசியின் வேலை.

மாதிரித் திரைத்துணிகள் தொங்குகிற ஒரு சின்ன அறை உண்டு. சத்தம் எதிரொலிக்காது என்பதால் அங்கே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

"மாமா, நல்லா இருக்கீங்களா? கல்யாண வீட்டுலேருந்து பேசறேன். உக்காந்துட்டு இருக்கீங்களா மாமா? முதல்ல உக்காருங்க. ஒண்ணும் அவசரம் இல்ல."

குரல் இறங்கும். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி நீளும். எதிர்முனையில் இருப்பவர் எதற்கென்று தெரியாமலே உட்கார்ந்துவிடுவார். "உங்களை மாதிரி பெரியவங்க வந்து நின்னாத்தான் அது கல்யாணம். ஆனா பாருங்க மாமா..." அதற்குப் பிறகு என்ன வரப்போகிறது என்று அவருக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிடும். சற்று நேரம் மூச்சு மட்டும் கேட்கும். அப்புறம் அநேகமாக எல்லோரும் சொல்வது ஒன்றேதான்.

"பரவாயில்லம்மா. எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்."

போனை வைப்பாள். ஒரு வாய் தண்ணீர் குடிப்பாள். அடுத்த எண்ணைப் போடுவாள். அவர்கள் முகம் எப்படி இருந்தது என்று அவளுக்குத் தெரியாது. நேரில் போய்ச் சொல்லக்கூடாது என்பது அந்த வேலையின் முதல் விதி. அதைப் போட்டவளும் அவள்தான். இவ்வளவு பக்குவமாகப் பேச எங்கே படித்தாய் என்று முதலாளியம்மா கேட்டபோது, "காலேஜ்ல ஒரு பேப்பர் இருந்தது மேடம்" என்றாள். இருந்தது உண்மைதான். அதில் அவள் தட்டுத்தடுமாறித்தான் பாஸ்.

அவள் வீட்டில் அவள்தான் முதல் பட்டதாரி. எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு, எந்த வரிசையில் போய் நிற்க வேண்டும் என்று சொல்ல ஆளில்லாமல், முட்டி மோதிப் படித்தவள். பின்னால் வந்த தம்பிக்கு எல்லாம் தெரிந்த ஓர் அக்கா இருந்தாள். அவன் நோகாமல் படித்தான், நல்ல கம்பெனியில் சேர்ந்தான், கூட வேலை பார்க்கிற பெண்ணை விரும்பினான். பெண்ணின் அப்பா கப்பல் உதிரிபாக வியாபாரி. "பெரிய இடம்" என்று அம்மா சொல்லும்போதெல்லாம் கையை அகல விரித்துக் காட்டுவாள், ஏதோ வயலை அளப்பதுபோல.

அம்மா பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு ஆயா. அப்பா அதே ஆஸ்பத்திரியில் பிணவறை உதவியாளர். "வர்றவங்களை நான் பாத்துக்கறேன், போறவங்களை அவர் பாத்துக்கறார். நடுவுல இருக்கறதைத்தான் டாக்டருங்க பாக்கறாங்க" என்பது அம்மாவின் பழைய வேடிக்கை. அப்பாவிடமும் ஒன்று உண்டு. "என்கிட்ட வர்றவங்க யாரும் இதுவரைக்கும் ஒரு குறை சொன்னதில்ல."

உடலை வாங்குவது, கழுவுவது, குளிர்ப்பெட்டிக்குள் தள்ளுவது, வெளியே காத்திருக்கும் உறவுக்காரர்களை உள்ளே கூப்பிட்டு முகத்தைக் காட்டுவது அவர் வேலை. தெருவில் அவர் பெயர் ஐஸ் ரூம்காரர். எவ்வளவு சோப்பு போட்டாலும் போகாத ஒரு மருந்து வாடை அவர்மேல் இருந்தது. யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும் வாசலில் நின்றபடியே கையில் இருப்பதைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார். ஒருமுறை உள்ளே போய் உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியில் இருந்தவர் எழுந்து வேறு வரிசைக்குப் போனார். அதற்கப்புறம் அவர் எங்கேயும் உட்காரவில்லை.

மகன் கல்யாணத்தில் உட்காரலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

*

தம்பியும் அவன் கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணும் அலுவலகத்துக்கு வந்த அன்று, ஊசி அவர்களையும் மற்ற வாடிக்கையாளர்களைப் போலவே உட்காரவைத்துத் திரையில் படம் காட்டினாள். வெள்ளை மணல். வெள்ளைத் துணி. மேடைக்குப் பின்னால் அலை. பெண் நல்ல பெண். வஞ்சகம் தெரியாத சிரிப்பு.

"அண்ணி, எனக்கு ஒரே ஒரு ஆசைதான். எல்லாரும் வெறுங்காலோட நிக்கணும். யாருக்கும் செருப்பே கூடாது. பாதம் மணல்ல பதியற மாதிரி ஒரு போட்டோ."

"வெயில்ல மணல் சுடுமேம்மா" என்றார் பூ அலங்காரக்காரர், நூலை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றிக்கொண்டு.

"சாயங்காலம்தானே அங்கிள்."

"அப்ப சரி. காலா, பூவா, ஏதோ ஒண்ணு வாடாம இருந்தா போதும்."

பெண் கழிவறைக்குப் போனதும் தம்பி, "அக்கா, ஒரு நிமிஷம்" என்று அவளைப் படிக்கட்டுப் பக்கம் கூட்டிப்போனான். கண்ணாடிக் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

"அப்பா விஷயம்."

"அப்பாவுக்கு என்ன?"

"ஃப்ளைட், படகு எல்லாம் ஒத்துக்குமா அவருக்கு? காது அடைச்சுக்கும்."

"யார் காது?"

"அக்கா, புரிஞ்சுக்கிட்டே புரியாத மாதிரி பேசாதே." சுவரில் பெயர்ந்திருந்த சுண்ணாம்பை நகத்தால் சுரண்டினான். "அவங்க வீட்ல, அப்பா ஆஸ்பத்திரியில ஸ்டோர் இன்சார்ஜ்னு சொல்லி வெச்சிருக்கேன்."

"ஸ்டோரா?"

"பொய் இல்லையே. கோல்டு ஸ்டோரேஜ்தானே."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்திருக்கக் கூடாது. சிரித்த பிறகு கோபப்பட முடியவில்லை, அவனும் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு மடமடவென்று பேச ஆரம்பித்தான்.

"அம்மா வரட்டும். அம்மா கலகலன்னு பேசுவா, யாருக்கும் பிடிக்கும். அப்பா வந்தா ஓரமா போய் நிப்பார். அவர் ஏன் ஓரமா நிக்கறார்னு யாராவது போய்க் கேப்பாங்க. அவருக்கு மறைக்கவும் தெரியாது, பட்டுனு சொல்லிடுவார். அப்புறம் அவங்க சாப்பிடற தட்டைக் கீழ வெச்சிடுவாங்கக்கா. என் கண்ணுக்கு முன்னால வெச்சிடுவாங்க. நீ பேசினா அவர் கேப்பார். ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் தினமும் சொல்றதுதானே."

"இதுக்குத்தான் தீவு பாத்தியா?"

"நீதானே சொன்னே. தூரமா வெச்சுட்டா யாரும் கோச்சுக்க முடியாதுன்னு."

சொல்லியிருந்தாள். ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாயில் சோற்றை வைத்துக்கொண்டு, வாடிக்கையாளர்களைக் கிண்டல் பண்ணிச் சிரித்தபோது சொன்னது.

"உன் வாயாலயே சொல்லிக்கோ."

"நான் சொன்னா அழுதுடுவேன்."

"அழேன். என்ன இப்போ?"

அவன் மறுபடி கண்ணாடிக் கதவைப் பார்த்தான். பிறகு மெதுவாகக் கேட்டான். "நீ மட்டும் காலேஜ்ல அப்பாவை என்னன்னு சொல்லிக்கிட்டு இருந்தே?"

கீழே யாரோ லிஃப்டுக்காகப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார்கள். ஊசி அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அவளுக்குள் ஏதாவது கொதித்திருக்க வேண்டும். கொதிக்கவில்லை. பல் பிடுங்கிய அன்று கன்னத்தைத் தொட்டால் அடுத்தவர் கன்னம்போல் இருக்குமே, அப்படித்தான் இருந்தது.

"பாக்கறேன்" என்றாள்.

அவளுக்கு ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. அப்பாவிடம் பாஸ்போர்ட் கிடையாது. விண்ணப்பித்தாலும் போலீஸ் விசாரணை அது இது என்று இழுக்கும். பாஸ்போர்ட் வராமலே போய்விட்டால் யாரும் யாருக்கும் எதையும் சொல்ல வேண்டியதில்லை.

*

வீட்டுக்குப் போனபோது அப்பா முன்னறையில் புதுக் கேன்வாஸ் ஷூவைப் போட்டுக்கொண்டு, சுவரோரமாக நடந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது மணலுக்கு ஆகுமாம்மா? கடைக்காரன் ஆகும்னான்."

"பொண்ணு பாக்க வந்தப்ப என் எதிர்ல வந்து நின்னது டயர் செருப்பு" என்றாள் அம்மா, துணி மடித்துக்கொண்டே. "இப்ப மாப்பிள்ளை இவரா அவனான்னு தெரியல."

"உனக்குப் பொறாமை."

"ஆமாம், நானும் ஒண்ணு போட்டுக்கிட்டு ஓட்டப்பந்தயம் ஓடப்போறேன்."

அப்பா அவள் பக்கம் திரும்பினார். முகத்தில் ஒரு பெரிய செய்தி தயாராக இருந்தது. "முதல்ல உக்காரு, சொல்றேன்."

"அய்யோ, வீட்ல அந்தப் பேச்சு வேணாம்னு சொல்லியிருக்கேன்ல!" அம்மா மடித்த துண்டை அவர்மேல் எறிந்தாள். "ஐஸ் ரூம்ல சொல்றதை இங்க வந்து சொன்னா, யாருக்கு என்ன ஆச்சோன்னுதான் கேக்கத் தோணுது."

அப்பா சிரித்துக்கொண்டே அலமாரியைத் திறந்து, பிளாஸ்டிக் உறைக்குள் இருந்ததை எடுத்து நீட்டினார். பாஸ்போர்ட். படத்தில் கண்களை அகலத் திறந்துகொண்டு, காணாமல்போனவர்களைத் தேடும் விளம்பரத்தில் இருப்பதுபோல் இருந்தார்.

"இவ்வளவு சீக்கிரமா? போலீஸ் விசாரணை?"

"போலீஸ்காரங்க முக்கால்வாசிப் பேரை எனக்குத் தெரியாதா? வாரம் தவறாம பாடி கொண்டு வர்றவங்க. விசாரிக்க வந்தவர் என்னைப் பாத்ததும், 'அண்ணே, நீங்களா? உங்களைப் பத்தி நான் யார்கிட்ட போய் விசாரிக்க?'ன்னு டீயைக் குடிச்சுட்டுக் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டார்."

அம்மாவுக்கும் வாங்கியிருந்தார். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக உறையில் வைத்து, உறையை அலமாரியில் வைத்து, அலமாரியைச் சாத்தினார். பிறகு உட்கார்ந்து எலுமிச்சைத் துண்டால் நகக்கண்களைத் தேய்க்க ஆரம்பித்தார். இன்னும் கல்யாணத்துக்கு நாள் இருக்கிறதே என்று ஊசி கேட்டதற்கு, "இது ஒரு நாள்ல போற வாடையா?" என்றார்.

அவள் குளித்துவிட்டு வந்து சாப்பிட்டாள். என்ன சாப்பிட்டாள் என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது.

நேரில் சொல்லலாமா என்று நினைக்காமல் இல்லை. ஆனால் அவள் போட்ட விதி அவளுக்குத் தெரியும்.

*

மறுநாள் மத்தியானம் துணி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். மற்ற எண்களோடு இதையும் சேர்த்து முடித்துவிடலாம் என்று நினைத்தாள். ஒரு பெண்ணின் சித்தி, ஒரு பையனின் பழைய ஆசிரியர், பிறகு அப்பா. சித்தி பரவாயில்லம்மா என்றாள். ஆசிரியரும் அதையே கொஞ்சம் இலக்கணத்தோடு சொன்னார். ஊசி தண்ணீர் குடித்தாள். அப்பாவின் எண்ணைப் போட்டாள்.

"அப்பா, நான்தான்."

"சொல்லும்மா. சாப்பிட்டியா?"

"ம். உக்காந்துட்டு இருக்கீங்களாப்பா? முதல்ல உக்காருங்க. ஒண்ணும் அவசரம் இல்ல."

எதிர்முனையில் ஏதோ தகரத்தட்டு தரையில் விழுந்து, உருண்டு, அடங்கியது.

"யாரு?" என்றார் அப்பா.

"என்னப்பா?"

"யாரும்மா? அம்மாவா? காலையில நல்லாத்தானே போனா. தம்பியா? வண்டியில போனானா? சொல்லு. எங்க கொண்டுபோய் வெச்சிருக்காங்க?"

"அப்பா, அதெல்லாம்..."

"இந்தப் பேச்சு என்கிட்ட வேணாம்மா." அவர் குரல் அவள் இதுவரை கேட்காத ஓர் உயரத்துக்குப் போயிருந்தது. "உக்காருங்க, அவசரம் இல்லன்னு நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். எதுக்கு உக்காரச் சொல்றாங்கன்னு எனக்குத் தெரியாதா? நேரா சொல்லிடு. யாரு?"

சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டதும் அவள் ஐஸ் ரூம் வாசல் பெஞ்சில்தான் வீட்டுப்பாடம் எழுதுவாள். அம்மா வார்டு முடிந்து வரும்வரை. பக்கத்தில் காத்திருப்பவர்கள் முன் அப்பா வந்து நிற்பார். முதல்ல உக்காருங்க. ஒண்ணும் அவசரம் இல்ல. அவள் தலை நிமிராமல் பெருக்கல் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாள். அந்தப் பெஞ்சில் எதை எழுதினாளோ அதெல்லாம் மறந்துவிட்டது. எதைக் கேட்டாளோ அது அப்படியே, இடைவெளி உட்பட, தொண்டையில் ஏறியிருந்தது. அதை எடுத்துத்தான் இத்தனை நாளும் சித்திகளுக்கும் மாமாக்களுக்கும் பேசிக்கொண்டிருந்தாள்.

"யாருக்கும் ஒண்ணும் இல்லப்பா. எல்லாரும் நல்லா இருக்காங்க."

"சத்தியமா?"

"சத்தியமா."

"அம்மா?"

"நல்லா இருக்காங்க."

"அப்ப என்னதான்மா?"

வேறு குரல் எதுவும் அவளிடம் கைவசம் இல்லை. பாருங்க மாமா என்று தொடங்க முடியாது. தீவில் அறை இல்லை என்றும் சொல்ல முடியாது. வெறும் செய்திதான் மிச்சமிருந்தது.

"தம்பி உங்களைக் கல்யாணத்துக்கு வர வேணாங்கறான்."

அப்பா நீளமாக மூச்சு விட்டார். அப்புறம் சிரித்தார். கஷ்டத்தை மறைக்கிற சிரிப்பு இல்லை அது. வயிற்றிலிருந்து வந்த, நடுவில் இருமல் புகுந்த, நிஜமான சிரிப்பு.

"அவ்வளவுதானா! அட போம்மா. எனக்கு உயிரே போயிடுச்சு. கையில இருந்த தட்டு வேற கீழ விழுந்துடுச்சு." பக்கத்தில் யாரிடமோ, "ஒண்ணும் இல்லப்பா, வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களாம்" என்று சொல்வது கேட்டது.

"அப்பா, நான் சொன்னது காதுல விழுந்ததா?"

"விழுந்தது, விழுந்தது. வர வேணாம். சரிதான், அவங்க வேற மாதிரி ஆளுங்க." இன்னும் மூச்சு வாங்கியது அவருக்கு. "எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்."

போனை வைத்தாள். கை தானாகத் தண்ணீர்ப் பாட்டிலுக்குப் போனது. குடித்தாள். அடுத்த எண் யாரோ ஒரு பெரியம்மா. அதையும் பேசினாள். அந்தப் பெரியம்மா உட்கார்ந்தாளா என்று தெரியாது, இவள் கேட்கவில்லை.

சாயங்காலம் தம்பி கூப்பிட்டான். "சொல்லிட்டியா? எப்படி எடுத்துக்கிட்டார்?"

"சந்தோஷப்பட்டார்."

"நான் சொல்லல? நீ நீதான்க்கா."

வீட்டில் அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். கோபத்தில் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தாள். "உங்கப்பா பண்ண கூத்தைக் கேட்டியா? மத்தியானம் பிரசவ வார்டுக்குள்ள தலைதெறிக்க ஓடி வந்து நிக்கறார். நீ சொல்லியும் மனசு கேக்கலையாம், நான் உசுரோட இருக்கேனான்னு கண்ணால பாக்கணுமாம். ஐஸ் ரூம்காரர் அங்க வந்து நின்னா எப்படி இருக்கும்? ஒரு பொண்ணு கத்தின கத்துல டாக்டரே ஓடி வந்துட்டார். அப்புறம்தான் விஷயத்தைச் சொல்றார், ஏதோ டீ சாப்பிட்டேன்ங்கற மாதிரி. 'நீ மட்டும் போயிட்டு வா'ங்கறார்."

"போவியாம்மா?"

"போவேன். பெத்தவ நான். அவரை மாதிரி பெரிய மனசெல்லாம் எனக்குக் கிடையாது. போய் முன்வரிசையில உக்காருவேன். எனக்கும் போன் பண்ணிப் பாரேன், வர வேணாம்னு சொல்லிப் பாரேன்."

ஊசி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். உள்ளே அப்பா தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். எலுமிச்சைத் துண்டு சன்னல் விளிம்பில் காய்ந்து கிடந்தது.

அன்றைக்கே தம்பிக்குச் செய்தி அனுப்பினாள். வேலையாக வருவேன், அக்காவாக வர மாட்டேன், குடும்பப் படத்துக்கு என்னைக் கூப்பிடாதே. அவன் பதிலுக்குக் கை கூப்புகிற படத்தை அனுப்பினான். அதற்கு என்ன பொருள் என்று அவள் யோசிக்கவில்லை.

*

தீவு, படத்தில் இருந்ததுபோலவே இருந்தது. அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. தண்ணீர் நீலமாக இருந்தது. தென்னை, சொல்லிவைத்த மாதிரி சாய்ந்திருந்தது. ஊசி கம்பெனியின் சாம்பல் நிறச் சட்டையைப் போட்டுக்கொண்டு, காதில் வாக்கி டாக்கி ஒயரோடு, மேடைக்கும் சமையல் கூடத்துக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தாள். காற்றில் துணி பறக்காமல் கட்டச் சொன்னாள். நாற்காலிக் கால்கள் மணலில் புதையாமல் பலகை போடச் சொன்னாள். எல்லாம் சரியாக நடந்தது. அவள் வேலையில் கெட்டிக்காரிதான்.

சாயங்காலம் விருந்தினர்கள் செருப்புகளைக் கழற்றிப் பிரம்புக் கூடைகளில் போட்டுவிட்டு, பூப்போல அடியெடுத்து வைத்து வந்தார்கள். வரிசையின் கடைசியில் அம்மா வந்தாள். பட்டுப்புடவை. தலை நிறைய பூ. புடவைக்குக் கீழே அப்பாவின் கேன்வாஸ் ஷூ.

இரண்டு அளவு பெரியது. ஒவ்வோர் அடிக்கும் குதிகால் கழன்று கழன்று சேர்ந்தது. தொப் தொப்பென்று நடந்துபோய் முன்வரிசையில் உட்கார்ந்து, காலை நன்றாக நீட்டி வைத்துக்கொண்டாள்.

கேமராக்காரன் குனிந்து கெஞ்சினான். "அம்மா, அந்த ஷூவை மட்டும் கழட்டிடுங்கம்மா. எல்லாரும் வெறுங்கால்ல இருக்காங்க, ஃப்ரேம்ல ஒரு மாதிரி தெரியுது."

"எனக்குக் கால் சுடுது."

"மணல் சுடலையேம்மா, பாருங்க."

"எனக்குச் சுடுதுப்பா. என் காலா உன் காலா?"

மேடையிலிருந்த தம்பி ஷூவைப் பார்த்தான். உடனே கடலைப் பார்த்தான். எல்லாம் முடிகிறவரை கடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். படங்களில் அது அழகாகவே வந்திருந்தது.

கப்பல் உதிரிபாகக்காரர், பெண்ணின் அப்பா, பழரசக் கோப்பையோடு ஊசி பக்கம் வந்தார். "உங்கப்பாவுக்குக் காது இப்ப எப்படிம்மா இருக்கு? பாவம், கடைசி நேரத்துல ஃப்ளைட் ஏற முடியாம போயிடுச்சாமே."

அவள் வாக்கி டாக்கியின் சத்தத்தைக் குறைத்தாள். "அவர் காதுக்கு ஒண்ணும் இல்ல சார். எங்கப்பா பிணவறையில வேலை பாக்கறார். அது உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு என் தம்பி அவரை வர வேணாம்னுட்டான். நான்தான் போன் பண்ணிச் சொன்னேன்."

வானம் இடிந்து விழவில்லை. அவர் கோப்பையைக் கீழே வைக்கவும் இல்லை. "ஓ" என்றார். "எங்ககிட்ட யாரும் சொல்லலையேம்மா." ஒரு வாய் குடித்தார். "நாங்க என்ன, அப்படிப்பட்டவங்களா?" இன்னொரு வாய். "சரி, அந்த ட்ரோன் கேமரா எப்ப பறக்கும்? வெளிச்சம் போயிடும்போல இருக்கே."

"இப்ப வந்துடும் சார்" என்றாள்.

வந்தது. பறந்தது. எல்லோரும் மேலே பார்த்துக் கை ஆட்டினார்கள். அம்மா மட்டும் ஷூவிலிருந்து மணலைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

மேடைக்குப் பின்னால் காலிப் பூக்கூடைகளை அடுக்கி வைத்திருந்த இடத்தில் ஊசி வந்து நின்றபோது போன் அடித்தது. அப்பா.

"முடிஞ்சுதாம்மா?"

"முடிஞ்சுதுப்பா."

"மழை கிழை ஒண்ணும் இல்லையே?"

"இல்ல."

"அம்மா ஷூவை எடுத்துக்கிட்டுப் போயிட்டா. எனக்குத் தெரியாமயே பெட்டியில வெச்சுக்கிட்டா. நனைச்சுடப் போறா, சொல்லு. உப்புத்தண்ணி பட்டா கேன்வாஸ் போயிடும்."

"சொல்றேன்."

"நீ சாப்பிட்டியா?"

சாப்பிட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"அன்னைக்கு ஏன்ப்பா சிரிச்சீங்க?"

"என்னைக்கு?"

"நான் போன் பண்ணன்னைக்கு."

"அதுவா... பயந்துட்டேன்லம்மா."

"அப்புறம் பயம் போயிடுச்சுல்ல? அப்பவாவது கேட்டிருக்கலாம்ல? ஏன் வரக்கூடாதுன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" குரல் ஏறியது. எங்கிருந்து ஏறுகிறது என்று அவளுக்கே தெரியவில்லை. "ஒருத்தர் கேக்க மாட்டேங்கறீங்கப்பா! போன் பண்ணா பரவாயில்லம்மா, பரவாயில்லம்மான்னு... வருவேன், நீ யாருடி என்னை வர வேணாம்னு சொல்றதுக்குன்னு ஒருத்தராவது என்னைக் கேட்டீங்களா? நீங்களாவது கேட்டீங்களா?"

கூடை அடுக்கிக்கொண்டிருந்த பூ அலங்காரக்காரர் திரும்பிப் பார்த்தார். அவர் வாயிலிருந்த நூல் கீழே விழுந்தது.

"கத்தாதம்மா" என்றார் அப்பா. "கல்யாண வீடு."

"கத்துவேன்" என்று கத்தினாள்.

மேடைப் பக்கம் நாற்காலிகள் நகர்கிற ஓசை கேட்டது. யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், முழுப் பெயரை. அப்பா போனை வைக்கவில்லை. அவர் மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது. அவளும் கத்துவதை நிறுத்தவில்லை.